ஓபி சீட்டிலிருந்து ஆராய்ச்சிக்கு

காரைக்குடியில் சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்கிறவர்களிடம் இரண்டு விதமான நோயாளிகள் வருவார்கள். ஒருவரைப் பாடப்புத்தகத்திலேயே பார்த்திருக்கிறோம்: வயது நாற்பதைத் தாண்டியவர், தொப்பை விழுந்தவர், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சுகர் இருந்தவர். இன்னொருவர் காளையார்கோவில், இளையான்குடிப் பக்கத்து வானம் பார்த்த ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வருவார். சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர், செங்கல் சூளையில் வேலை செய்கிறவர். முப்பது வயது ஆகியிருக்காது, எடை நாற்பது கிலோவைத் தாண்டாது. ரத்தத்தில் சர்க்கரை 400க்கு மேல் நிற்கும். ஆனால் சிறுநீரில் கீட்டோன் இருக்காது. இன்சுலின் வாங்கக் காசில்லாமல் மாதக்கணக்கில் விட்டுவிட்டு, இன்னும் மெலிந்து, அதே கதவைத் தள்ளிக்கொண்டு நடந்தே உள்ளே வருவார்.

அவருடைய ஓபி சீட்டில் என்ன நோய் என்று எழுதுவது? இந்தக் கேள்விதான் என்னை ஆராய்ச்சிப் பக்கம் இழுத்தது. டைப் 1 என்றால் இன்சுலின் நின்ற சில நாளிலேயே கீட்டோன் ஏறி ஆள் படுத்திருக்க வேண்டும். டைப் 2 என்றால் இன்சுலினை எதிர்த்து நிற்கும் அளவுக்கு அந்த உடம்பில் கொழுப்பு எங்கே இருக்கிறது? நாங்கள் 'டைப் 1' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவோம். மதுரை மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு வார்டில் பாடம் எடுத்தவர்களும் அப்படித்தான் போட்டார்கள்.

அந்தக் கேள்விக்குறிக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பது, ஐம்பது வயதுக்கு மேல் நான் முறையாகப் படிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. 1955ல் ஜமைக்காவில் ஹியூ-ஜோன்ஸ் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட மெலிந்த நோயாளிகளைத் தனி வகையாக எழுதினார். 1985ல் உலக சுகாதார நிறுவனம் 'சத்துக்குறைவோடு தொடர்புடைய நீரிழிவு' என்று ஒரு பிரிவையே ஏற்படுத்தியது. 1999ல் ஆதாரம் போதவில்லை என்று அதே நிறுவனம் அதை எடுத்துவிட்டது. பட்டியலிலிருந்து பெயர் போன பிறகும் எங்கள் பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நிஹால் தாமஸ் குழுவினரும் நியூயார்க்கின் மெரிடித் ஹாக்கின்ஸும் சேர்ந்து இவர்களை நுட்பமாகப் பரிசோதித்து 2022ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்சுலின் சுரப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் சுரக்கிற கொஞ்ச இன்சுலினுக்கு உடம்பு நன்றாகவே இணங்குகிறது என்று அதில் காட்டினார்கள். 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை 'டைப் 5' என்று ஏற்றுக்கொண்டது. எப்படி அடையாளம் காண்பது, எவ்வளவு மருந்து கொடுப்பது என்று வரையறுக்க ஒரு குழுவும் அமைத்தது.

பெயர் சூட்டியதோடு விவாதம் முடிந்துவிடவில்லை. தனி வகை என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் உண்டா என்று கேட்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நோயாளிக்கு இது உயிர்ப் பிரச்சினை. டைப் 1 என்று நினைத்து முழு அளவு இன்சுலின் போட்டால், ஒரு வேளைச் சோறு தவறுகிற வீட்டில் ராத்திரி சர்க்கரை தாழ்ந்து ஆள் எழுந்திருக்காமலே போகலாம்.

1999க்கும் 2022க்கும் இடையில் தமிழ்நாட்டின் தாலுகா ஊர்களில் எத்தனையோ மருத்துவர்கள் இந்த நோயாளிகளைத் தினமும் பார்த்தார்கள். பார்த்தது எதுவும் ஆதாரமாகவில்லை. உயரம் குறிக்கவில்லை, சாப்பாடு கேட்கவில்லை, ரத்தத்தைச் சேமிக்கவில்லை, யாரும் எழுதவில்லை. அந்தந்த மருத்துவர் ஓய்வு பெற்றபோது அவர் அறிந்ததும் அவரோடு போயிற்று. மூத்த மருத்துவர்கள் ஆராய்ச்சிக்கு வர வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். பட்டத்தின் பின்னால் இன்னும் இரண்டு எழுத்து சேர்த்துக்கொள்வது என் நோக்கம் இல்லை.

ஊட்டச்சத்தும் வளர்சிதை மாற்றமும் சம்பந்தப்பட்ட ஆராய்ச்சிக்குத் தமிழ்நாட்டில் நல்ல பரம்பரை உண்டு. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் 1918ல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய்க்காக ஆரம்பித்த சிறிய விசாரணைக்கூடம்தான் 1958ல் ஐதராபாத்துக்குப் போய், 1969ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. சேலத்தில் 1918ல் பிறந்த சி. கோபாலன், சென்னையில் மருத்துவம் படித்து, லண்டனில் பிஎச்.டி. முடித்து, 1949ல் அந்தக் குன்னூர்க் கூடத்தில் சேர்ந்தார். பிராக்டீஸ் போட்டிருந்தால் கொழித்திருக்கக்கூடியவர். பெல்லாக்ரா மக்காச்சோளம் தின்பவர்களின் நோய் என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்தபோது, தக்காணத்தில் சோளம் தின்கிறவர்களுக்கு ஏன் வருகிறது என்று கேட்டார் அவர். சோளத்தில் மிகுதியாக உள்ள லூசினைக் காரணமாகக் காட்டி 1960ல் ஸ்ரீகண்டியாவோடு சேர்ந்து எழுதினார். அந்த விளக்கம் பிற்பாடு விவாதத்துக்கு உள்ளானது. என் கவனம் அவர் வேலை செய்த விதத்தில் நிற்கிறது. நோயாளி படுத்திருக்கும் வார்டும் சோதனைச்சாலையும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன. கேள்வி வார்டில் பிறந்தது.

சென்னையிலும் அப்படித்தான். 1948ல் ஸ்டான்லி மருத்துவமனையில் எம். விசுவநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். அந்த மரபில் வந்த ஏ. ராமச்சந்திரன், சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்து கவனித்து 2006ல் முடிவு வெளியிட்டார். நடையும் உணவு மாற்றமும் மட்டுமே நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் மாத்திரை 26.4 சதவீதம். இரண்டையும் சேர்த்தாலும் பலன் கூடவில்லை. இன்றைக்கு நான் ஒருவரிடம் 'மாத்திரை இப்போது வேண்டாம், முதலில் நடங்க' என்று சொல்லும்போது எனக்குப் பின்னால் நிற்பது இந்த எண்தான்.

ஆனால் இவர்கள் எல்லாருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியோ நிறுவனமோ இருந்தது. தாலுகா ஊரில், ஓபி முடிய மத்தியானம் மூன்று மணி ஆகிற ஒருவருக்கு என்ன வழி?

நான் முதலில் கற்றுக்கொண்டது புள்ளியியல் அல்ல, கேள்வியைச் சிறிதாக்குவது. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் உயிர்மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைகளை இணையவழியில் கற்றுத்தருகிறது. முதுநிலை மாணவர்களும் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களும் அதைக் கட்டாயம் முடிக்க வேண்டும். எனக்குக் கட்டாயம் ஏதும் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து கேட்டேன். மாதிரி அளவு என்றால் என்ன, சார்பு எங்கிருந்து நுழைகிறது, ஒப்புதல் படிவத்தில் என்ன இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றும் புரியப் புரிய, நான் இத்தனை காலம் பார்த்த நோயாளிகளின் முகங்கள் வரிசையாக வந்து நின்றன. இருபத்தைந்து வயதில் இதே பாடத்தைப் படித்திருந்தால் பரீட்சைக்குப் படித்து மறந்திருப்பேன்.

அதே நிறுவனம் 2001 முதல் நடத்திவரும் கள நோய்ப்பரவலியல் படிப்பின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. பணியில் இருக்கும் அரசு மருத்துவர்கள் வகுப்புக்குச் சென்னை போவார்கள், களப்பணியைத் தங்கள் மாவட்டத்திலேயே செய்வார்கள். மூத்தவர்களுக்கான எந்தத் திட்டமும் இப்படித்தான் இருக்க வேண்டும். ஊரைவிட்டுப் பெயர்த்தெடுத்தால் அவரிடம் இருக்கிற சரக்கு ஊரிலேயே தங்கிவிடும்.

அந்தச் சரக்கு என்ன என்று சொல்கிறேன். ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வு நாடு முழுவதும் 1,13,043 பேரைச் சோதித்தது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை, 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசலில் என்று 2023ல் அறிவித்தது. மகத்தான வேலை. ஆனால் அது ஒவ்வொருவரையும் ஒரு முறை பார்த்த ஆய்வு. காரைக்குடியில் ஒரு மருத்துவர் அப்பத்தாவுக்குப் புண் கட்டியிருப்பார், மகனுக்கு மாத்திரை எழுதியிருப்பார், பேத்திக்குக் கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டுபிடித்திருப்பார். ஒரே வீட்டின் மூன்று தலைமுறை ஒருவர் கையில். இதை எந்த நிதி கொடுத்தும் புதிதாக உண்டாக்க முடியாது.

அந்த அறிவை எண்ணாக மாற்றுவது சுலபமில்லை. நம்மூர் ஓபி சீட்டுகளில் எடை இருக்கும், உயரம் இருக்காது. உயரம் இல்லாமல் பி.எம்.ஐ. இல்லை. வயதும் சந்தேகம். 'தனுஷ்கோடிப் புயலடிச்சப்ப நான் கைக்குழந்தை' என்று ஒருவர் சொன்னால் 1964 டிசம்பர் என்று கணக்குப் போட்டுவிடலாம். இளையவர்களிடம் ஆதார் அட்டை இருக்கிறது, அதிலும் பலருக்கு ஜனவரி 1தான் பிறந்த நாள். சிறுவயதில் பட்டினி கிடந்தாரா என்பதற்கு ஆவணமே கிடையாது. அதற்கு ஒரு வழி உண்டு: ஆளை உட்காரவைத்து உயரம் அளந்து, நின்ற உயரத்திலிருந்து கழித்தால் காலின் நீளம் தெரியும். குழந்தைப் பருவத்தில் சத்துக் குறைந்தால் முதலில் அடி வாங்குவது காலின் வளர்ச்சி. மொத்த உயரத்தோடு ஒப்பிடும்போது கால் குட்டையாக இருந்தால், இருபது வருடத்துக்கு முந்தைய பசி அங்கே எழுதியிருக்கிறது என்று ஓரளவு கொள்ளலாம். ஒரு ஸ்டூலும் டேப்பும் போதும். இப்போது என் கிளினிக்கில் ஒவ்வொரு புது நோயாளிக்கும் நர்ஸ் இதை அளக்கிறார்.

ரத்தப் பரிசோதனைதான் கஷ்டம். மெலிந்தவரிடம் உண்மையில் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று அறிய சி-பெப்டைடு பார்க்க வேண்டும். டைப் 1 இல்லை என்று உறுதி செய்ய காட் ஆன்டிபாடி. கணையத்தில் கல் இருந்தாலும் இதே போன்ற சர்க்கரை வரும். கேரளத்தில் கீவர்கீஸ் அந்த நோயை விரிவாக எழுதினார், தமிழ்நாட்டிலும் அது உண்டு. ஆகவே வயிற்றுக்கு ஸ்கேன். ஸ்கேன் காரைக்குடியிலேயே முடியும். சி-பெப்டைடுக்கு ரத்தத்தை உடனே சுழற்றிப் பிரித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, சூடு தட்டாமல் மதுரை சேர்க்க வேண்டும். சித்திரை வெயிலில் பஸ்ஸில் போகிற பெட்டியை நினைத்தாலே பயம். சென்ட்ரிஃபியூஜ் வைத்திருக்கும் லேப் ஒன்றோடு பேசி, விடியற்காலையில் ரத்தம் எடுத்து, வெயில் ஏறுமுன் அனுப்புகிறோம். நம் ஊரில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. விரல் நுனித் துளியில் சர்க்கரை அளக்கும் பட்டை வேலை செய்வதே மின்வேதியியலால்தான். மருத்துவர்களும் அந்த விஞ்ஞானிகளும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்தால், சி-பெப்டைடையும் அப்படி ஒரு பட்டையில் அளக்கும் காலம் விரைவில் வரலாம் என்று மனதார நம்புகிறேன்.

உணவை அளப்பதில்தான் நான் அதிகம் கற்றேன். கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டு ஆச்சியிடம், "ஆச்சி, ஒரு நாளைக்கு எவ்வளவு எண்ணெய் ஆகும்?" என்று கேட்டேன். "எண்ணெயை யாரு அளந்து ஊத்துறா டாக்டரம்மா? கை சொல்ற அளவுதான்" என்றார். அரிசி என்றால் ஆழாக்குக் கணக்கில் பிசகாமல் சொன்னார். படிக்கு எட்டு ஆழாக்கு, எத்தனை பேருக்கு எத்தனை ஆழாக்கு என்று அவருக்கு மனப்பாடம். எண்ணெய்க்கு அப்படிக் கேட்கக் கூடாது என்று புரிந்தது. மாதத்துக்கு எத்தனை லிட்டர் நல்லெண்ணெய், எத்தனை லிட்டர் கடலெண்ணெய் வாங்கினீர்கள், மாதக் கடைசியில் மிச்சம் எவ்வளவு என்று கேட்டு, சாப்பிடுகிறவர்களால் வகுக்க வேண்டும். அங்கேயும் தலைக்கணக்கு உதவாது. உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு 1 என்றால் பெண்ணுக்கு 0.8, குழந்தைக்கு அதைவிடக் குறைவு என்று ஒரு வாய்ப்பாடு இருக்கிறது.

வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டு போனாலும் செட்டிநாட்டு வீடு பிடிகொடுக்காது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். வருடத்தில் பல மாதம் அந்தப் பெரிய வீட்டில் ஆச்சியும் துணைக்கு ஒருவரும்தான். ரசமும் ஒரு துவட்டலும் வைத்துச் சாப்பிடுவார். கல்யாணம், படைப்பு என்று வந்தால் வீடு நிறையும். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், சீயம், கவுனி அரிசி, உப்புக்கண்டம் எல்லாம் வரும். 'நேற்று என்ன சாப்பிட்டீர்கள்' என்று கேட்கும் 24 மணி நேர விசாரணை இந்த வீட்டில் எந்த நாளில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டு வெவ்வேறு மனிதர்களைக் காட்டும். ஆகவே நாங்கள் ஒரே வீட்டில் விசேஷ நாளிலும் வெறும் நாளிலும் தனித்தனியே கேட்கிறோம். வெளியூரிலிருந்து படிவத்தோடு வருகிற ஆய்வாளருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

கரிமூட்டக்காரர் வீட்டில் விசாரணை சீக்கிரம் முடிந்துவிடும். காலையில் பழைய சோறு, மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறும் புளிக்குழம்பும், ராத்திரி அதே சோறு. வயிறு நிறைகிறது. பருப்பு வாரத்தில் சில நாள், முட்டை எப்போதாவது. 2011 முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். அது பட்டினியைத் துரத்தியது, அதற்குக் கையெடுத்துக் கும்பிடுவேன். அதோடு பருப்பும் முட்டையும் அதே அளவுக்கு வரவேண்டும். இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இண்டியாப் குழு 2025ல் எழுதியது. அதில் வெறும் 5 சதவீதத்தைப் பருப்பு வகைப் புரதமோ பால் புரதமோ பிடித்தாலே சர்க்கரைக்கான வாய்ப்பு குறைவதாகத் தெரிகிறது என்றும் சொன்னது. அந்த 5 சதவீதம் மெலிந்தவர்களுக்கும் பொருந்துமா என்பதை இங்கேதான் பார்க்க முடியும்.

இதை எல்லாம் தனியாகச் செய்ய முடியாது. மெலிந்த நோயாளிகள் ஒரு கிளினிக்குக்கு ஒரு கைப்பிடிதான் வருவார்கள். தேவகோட்டை, திருப்பத்தூர், சிங்கம்புணரி, மானாமதுரை என்று சுற்றிலும் உள்ள மூத்த மருத்துவர்கள் ஒரே படிவத்தில் எழுதினால்தான் எண்ணிக்கை சேரும். அதனால் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் கூடுகிறோம். பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள், பென்ஷன் வாங்குகிறவர்களும் உண்டு. ஒவ்வொருவரும் ஒரு கேள்வியோடு வர வேண்டும் என்பது மட்டும்தான் விதி.

ஒரு மூத்தவர், "செட்டிநாட்டுச் சாப்பாடு சுகருக்கு நல்லதா கெட்டதா?" என்று ஆரம்பித்தார். அதற்கு ஒரு ஆயுள் போதாது. எந்தச் சாப்பாடு சார்? கவுனி அரிசி. யாருக்கு? சர்க்கரை இல்லாத ஆரோக்கியமானவருக்கா, நோயாளிக்கா? எப்படிச் சமைத்தது? இங்கே கவுனியைச் சர்க்கரை, தேங்காய், நெய் போட்டு இனிப்பாகத்தான் பரிமாறுவோம். 'கவுனி சாப்பிட்டா சுகர் ஏறாதாமே' என்று கேட்டு வருகிற நோயாளி அந்த இனிப்பைத்தான் மனதில் வைத்திருக்கிறார். எதோடு ஒப்பிடுவது? சென்னையில் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் பொன்னி அரிசியின் கிளைசீமிக் குறியீட்டை 70 அளவில் கண்டிருக்கிறது. அந்த முறை தெளிவானது: சாப்பாட்டில் மாவுச்சத்து 50 கிராம் இருக்கும்படி அளந்து, பத்துப் பேருக்குக் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்குக் கால்மணி, அரைமணி இடைவெளியில் ரத்தம் பார்த்து, குளுக்கோஸ் குடித்த நாளோடு ஒப்பிடுவது. பேசி முடித்தபோது அவர் கேள்வி இப்படி ஆகியிருந்தது: இனிப்பில்லாமல் வேகவைத்த கவுனிக்கும் புழுங்கல் பொன்னிக்கும் இரண்டு மணி நேரத்தில் ஏறும் சர்க்கரை எவ்வளவு வேறுபடுகிறது? இதைச் செய்ய முடியும். அவர் வீட்டுக்குப் போகும்போது முகத்தில் இருந்த மலர்ச்சியை மருத்துவக் கல்லூரி முதல் வருட மாணவர்களிடம்தான் பார்த்திருக்கிறேன்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு துளி ரத்தம்கூட ஆய்வுக்கு எடுக்கக் கூடாது. தனி கிளினிக் வைத்திருப்பவருக்குக் குழு கிடையாது, ஒரு நிறுவனத்தோடு சேர வேண்டும். 2012ல் சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு, மாவட்டத்துக்குள்ளேயே பேராசிரியர்களும் மாணவர்களும் இருக்கிறார்கள். அழகப்பா பல்கலைக்கழகம் 1985 முதல் காரைக்குடியிலேயே இருக்கிறது. நோயாளியை அறிந்த கிழவர்களும் புள்ளியியல் அறிந்த இளைஞர்களும் பத்து நிமிட ஸ்கூட்டர் தூரத்தில் இருக்கிறார்கள்.

பணத்துக்கு விண்ணப்பித்தபோது ஒரு இடத்தில் வயது வரம்பைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். திட்டம் நன்றாக இருக்கிறது என்று அதே கடிதத்தில் எழுதியிருந்தார்கள். எனக்கு அது வலித்தது, இன்றும் அதை ஏற்க முடியவில்லை. இளம் விஞ்ஞானிக்கு முன்னுரிமை கொடுங்கள், அது சரி. நடுவயதில் மருத்துவத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வருகிறவருக்கு என்று சிறியதாக ஒரு தனிக்கதவு வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் ஓபியிலிருந்து விடுப்பு, அந்த நாட்களுக்கு ஈடான சம்பளம், ஒரு உதவியாளர், தூரத்தில் ஒரு வழிகாட்டி. இவ்வளவு போதும். 2008ல் உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து தொடங்கிய இந்தியா அலையன்ஸ், மருத்துவர்களுக்குத் தொடக்கம், இடைநிலை, முதுநிலை என்று தனித்தனி நல்கைகள் வைத்தது. அது நல்ல முன்மாதிரி. மாவட்ட மருத்துவமனைகளிலும் தாலுகா ஊர்களிலும் இருப்பவர்கள் எட்டிப் பிடிக்கும் உயரத்தில் இன்னொரு படி அதற்குக் கீழே வேண்டும்.

பதவி உயர்வுக்காகக் கட்டுரை எண்ணிக்கை கேட்பதும் மூத்தவர்களைக் கெடுக்கிறது. தேவைக்கு அவசரமாக எழுதி, காசு கட்டிப் போட்டு, அடுத்த நாள் மறந்துவிடுகிற கட்டுரைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பூனேயில் சி.எஸ். யாஞ்னிக் 1993ல் ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடரத் தொடங்கினார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளோ 3.5 கிலோ. ஆனால் உடம்பளவுக்குப் பார்த்தால் நம் குழந்தைகளிடம் தசை குறைவு, கொழுப்பு அதிகம். மெலிந்த உடம்புக்குள் சர்க்கரை எங்கிருந்து வருகிறது என்ற என் கேள்விக்கு அங்கே ஒரு முனை கிடைத்தது. அந்தக் குழந்தைகளைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்தார்கள். வருடத்துக்கு எத்தனை கட்டுரை என்று எண்ணிக்கொண்டிருந்தால் அந்த வேலை நடந்திருக்காது.

எங்கள் படிவம் இப்போது இரண்டு பக்கம். உயரம், உட்கார்ந்த உயரம், கை நடுச் சுற்றளவு, பிறந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், அம்மாவுக்கு என்ன வேலை, பள்ளியில் சத்துணவு சாப்பிட்டாரா, இப்போது வாரத்தில் எத்தனை நாள் பருப்பு. நெறிமுறைக் குழுவுக்கான மனு தயாராகிவிட்டது. அனுமதி வந்ததும் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்வோம். ஐஸ் பெட்டிகள் வாங்கியாயிற்று. சிங்கம்புணரி டாக்டர் மட்டும், அம்மாவின் வேலையைக் கேட்டது போதாது, வயிற்றில் இருந்தபோது அந்த வருடம் கண்மாய் நிறைந்ததா என்றும் கேட்க வேண்டும் என்கிறார். அதை எந்த ஆவணத்தில் சரிபார்ப்பது என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை பேசப்போகிறோம்.